நீராளியும் தயிரும்

“மீனை வேக வைக்காமலா தருவாங்க?” வாசலில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக் காளியம்மை நின்றுவிட்டாள்.

“உள்ளே வா, கேட்டுக்கலாம்,” என்றார் அழகர்.

யூதர் தெருவான ஜூ டவுனில் முன்பு மிளகுக் கிடங்காக இருந்த கட்டடம் அது. சுனாமிக்கு அடுத்த வருஷம் ஒரு கிரீஸ்காரரும் அவருடைய ஜப்பானிய மனைவியும் அதை உணவகமாக மாற்றினார்கள். இரண்டு நாட்டுச் சமையலும் ஒரே தட்டில் வரும் என்று மட்டாஞ்சேரி முழுக்கப் பேச்சு. வருகிறவர்கள் வெள்ளைக்காரர்கள், இல்லாவிட்டால் எர்ணாகுளத்திலிருந்து காரில் வருகிறவர்கள். நடந்து போகிற தூரத்தில் குடியிருந்தும் இவர்கள் இருவரும் அந்தப் படியை மிதித்ததில்லை.

அழகர் வெளியே சாயாகூடக் குடிக்காத மனிதர். அப்படிப்பட்டவர் இன்று காலை சலவைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, புறப்படு, மதியம் அங்கேதான் சாப்பாடு என்றதும் காளியம்மைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆலுவாவில் வேலைக்குப் போயிருந்த மகள் ஜிஷாவைச் செல்போனில் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றாள். வேண்டாம், சிரிப்பாள் என்று தடுத்துவிட்டார்.

உள்ளே மேனேஜர் இவர்களைக் கண்டதும், சமையலறைக்குப் பக்கத்தில் புகையடிக்கிற மேசையைக் காட்டினார். அழகர் உட்காரவில்லை. ஜன்னலோரம் பரிமாறிக்கொண்டிருந்த ஓர் இளைஞனைப் பார்த்துவிட்டு, நாங்கள் அந்தப் பக்கம் உட்காருகிறோம் என்று நடந்தார்.

இளைஞன் நாற்காலியை இழுத்துப் போட்டான். சட்டையில் ஷைஜு என்று பெயர் குத்தியிருந்தது. அழகர் தமிழில் பேச, அவனும் மலையாளத்தைக் கலந்து தட்டுத்தடுமாறித் தமிழிலேயே பதில் சொன்னான்.

அதன்பிறகு அழகர் அவனைப் படுத்தி எடுத்துவிட்டார். ஒவ்வொன்றும் என்ன என்று கேட்டார். சொன்னதையே திரும்பச் சொல்லச் சொன்னார். தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது, மாற்று என்றார். திராட்சை இலையில் சுற்றிய சோறு வந்ததும், இலையை உரித்துப் போடுவதா, சேர்த்துத் தின்பதா என்று விசாரித்தார். சேர்த்துத்தான் என்று அவன் சொன்னதும் ஒரு வாய் தின்றுவிட்டு, புளிக்கிறது, வேறு கொண்டு வா என்றார். அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஷைஜு முகம் சுளிக்காமல் தட்டை எடுத்துக்கொண்டு போனான்.

“யார் பெத்த பிள்ளையோ, ஏன் இந்தப் பாடு படுத்துறீங்க? போதும், வீட்டுக்குப் போலாம்,” என்றாள் காளியம்மை.

அதற்குள் அவன் வேறு தட்டோடு வந்துவிட்டான். அவள் தட்டைப் பார்த்த பார்வையிலேயே பயத்தைத் தெரிந்துகொண்டு குனிந்தான்.

“பேடிக்க வேண்டா, அம்மே. இது பச்சை இல்ல, கனல்ல சுட்டது. நம்ம நீராளிதான். மேலே ஜப்பான்காரங்க சோயா விழுது தேச்சிருக்கு. தொட்டுக்கறது வெள்ளரிக்காய் போட்ட தயிர், அது கிரீஸ்.”

எட்டுக்கால் நீராளியை அவள் மார்க்கெட்டில் பார்த்திருக்கிறாள், தின்றதில்லை. எடுத்துத் தின்னக் கொடுத்த குச்சிகளும் விரலில் நிற்கவில்லை. ஷைஜு அவற்றை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கை கழுவக் கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்தான். முதலாளியம்மாவே இதைக் கையால்தான் சாப்பிடுவார் என்றான். காளியம்மை ஒரு துண்டைத் தயிரில் தோய்த்து வாயில் போட்டாள். மென்றாள். கை தானாக அடுத்த துண்டுக்குப் போயிற்று.

மேனேஜர் வந்து அவன் காதருகே, பெரிய ஆட்கள் வருகிறார்கள், இவர்களைச் சீக்கிரம் எழுப்பு என்றார். அது மேசைவரை கேட்டது. அவர்கள் சாப்பிட்டு முடிக்கட்டும் சார் என்று ஷைஜு தணிந்த குரலில் சொன்னான். சொல்லிவிட்டு நகராமல் நின்றான். மேனேஜர்தான் நகர வேண்டியிருந்தது.

அழகர் நிமிர்ந்து பார்த்தார். “தம்பி, நான் யாருன்னு தெரியுமா? கார்ப்பரேஷன்ல இருந்தேன். இந்தத் தெருவுல சாக்கடை அள்ளினவன்.”

நன்றாகக் கேட்கும்படி சொன்னார். காளியம்மை கையிலெடுத்த துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். இதைக் கேட்ட பிறகு தங்கள் வீட்டுச் சாயாவைத் தொடாமல் எழுந்து போனவர்களை அவள் பார்த்திருக்கிறாள்.

“எங்க அச்சன் வைப்பின் தீவுலேர்ந்து மீன் சுமந்துட்டு இந்த வழியாத்தான் வரும்,” என்றான் ஷைஜு. “மழைக்கு வெள்ளம் நிக்கும். நீங்கல்லாம் இறங்கி அடைப்பை எடுத்தாத்தான் நடக்க முடியும்னு சொல்லும்.” பிறகு அவளிடம் திரும்பினான். “இன்னும் கொஞ்சம் தயிர் எடுக்கட்டா, அம்மே?”

அவன் உள்ளே போனதும் காளியம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இப்படி ஒரு பிள்ளைய வளர்த்தவ நல்லா இருக்கணும். நம்ம ஜிஷாவுக்கு வர்றவன் இதுல பாதி குணத்தோட இருந்தாப் போதும்.”

அழகர் தட்டை வழித்துத் தின்றார். ஷைஜு தயிரோடு வந்ததும் எழுந்து அவன் தோளில் கை வைத்தார்.

“ஞாயித்துக்கிழமை உங்க அச்சனையும் அம்மையையும் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வா, மோனே. வேற ஜாதிப் பையன்னு அவ அம்மா சம்மதிக்க மாட்டாளேன்னு, உன்னை விரும்புறதை ஜிஷா என்கிட்ட மட்டும்தான் சொல்லியிருந்தா.”