காதுவலிக்கு முதலிடம்

"இந்த வரியை யாரைக் கேட்டுப் போட்ட?"

முதலாளி கத்திய கத்தலில் ஹாலே திரும்பிப் பார்த்தது. அங்கே எழுத்து வேலை பார்க்கும் அவள் கணினியிலிருந்து நிமிர்ந்தாள்.

காதுவலிக்குக் கைவைத்தியம். அவர்கள் இணையதளத்தின் செல்லப்பிள்ளை அந்தக் கட்டுரை. யார் தேடினாலும் முதலில் அதுதான் வந்து நிற்கும். எழுதியது நிபுணர்தானா என்று தேடுபொறி பார்க்குமாமே, அதற்காக மேலே ஒரு டாக்டர் படம். டாக்டராவது ஒன்றாவது, கணக்குப்பிரிவு அண்ணனுக்கு வெள்ளைக் கோட்டை மாட்டிப் பிடித்த படம்.

அந்தப் படத்துக்குக் கீழே போன வாரம் அவள் ஒரு வரி சேர்த்திருந்தாள்: குழந்தையின் காதில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

"படிக்க வர்றவன் அந்த வரியிலேயே எழுந்து போயிடறான். இப்படியே போனா நம்ம முதலிடமும் போயிடும்."

"கட்டுரையை எழுதினதே நான்தான் சார். எனக்குக் காதைப் பத்தி என்ன தெரியும்? யாராவது நம்பி ஊத்திட்டா?"

"ஊத்தினா ஊத்தட்டும். நாமளா போய் ஊத்தறோம்? எடு அதை. இல்லேன்னா நாளைலேர்ந்து வராத."

அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தாள். இந்த மனுஷனுக்கெல்லாம் பிள்ளைகுட்டி இல்லையா என்று மனதுக்குள் திட்டினாள்.

அரைமணி போயிருக்கும். முதலாளியின் போன் அடித்தது. அவர் மனைவி. பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு அலறுகிறதாம். நெட்டில் முதலில் வந்ததைப் பார்த்து எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறாராம்.

முதலாளி போனில் கத்தினார்.

"அறிவிருக்கா உனக்கு? எவனோ எழுதினதை நம்பி பிள்ளை காதுல ஊத்துவியா? டாக்டர் போட்டோ இருந்தா? கோட்டை எவனுக்கு வேணும்னாலும் மாட்டலாம்டி. கீழ வை அதை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, நான் வர்றேன்."

கார் சாவியை எடுத்துக்கொண்டு பாதி ஓட்டமாய்க் கிளம்பினார். அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது. அழித்த வரியை மறுபடி அடித்துவைத்துவிட்டு எழுந்தாள்.

"சார், அந்த வரியைத் திரும்பப் போட்டுடறேன்."

வாசலில் நின்று எரிச்சலோடு திரும்பினார்.

"எதுக்கு? அதான் என் வீட்டுல சொல்லிட்டேனே."