கடைக்குட்டி இறங்கவில்லை

மழைக்காட்டில் ஒரு கருந்தேள் தன் குஞ்சுகளை முதுகில் சுமந்து திரிந்தது. முதல் தோலை உரித்ததும் எல்லாம் இறங்கிவிட்டன. கடைக்குட்டி மட்டும் இறங்கவில்லை.

தரை ஈரமாக இருக்கிறது என்றது. பிறகு கால் வலிக்கிறது என்றது. அதைச் சுமந்துகொண்டு வளைக்குள் நுழைவதே பெரும்பாடாகி, தாய்க்கு அலுத்துப்போனது.

“இத பாரு, நீ பொறந்ததுலேர்ந்து நான் வயிறாரச் சாப்பிடலை. பசி முத்திப்போனா, என் கைக்கு எட்டுறது எதுவானாலும் கவ்வித் தின்னுடுவேன். பிள்ளைன்னும் பார்க்க மாட்டேன். மரியாதையா இறங்கு.”

“தெரியும்மா,” என்றது கடைக்குட்டி. “பெரியண்ணன் இறங்கினதும் என்ன ஆச்சுன்னு பார்த்தேனே. முதுகுக்குத்தான் உன் கை எட்டாது.”

தாய் கடைக்குட்டியைச் சுமந்தபடியே இரை தேடி நடந்தது.