இருபத்தோராவது பெயர்

"அந்தச் சின்மயி பேரை அடிச்சிடுங்க சார்" என்றாள் கோகிலவாணி.

கோச் ஐசக் பேனா மூடியைக் கழற்றவில்லை.

ராஜகீழ்ப்பாக்கம் பெண்கள் சாஃப்ட்பால் குழுவுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்க அன்றுதான் கடைசி நாள். இரண்டு மாதம் முன்பு பயிற்சியில் சுஜி என்ற பெண்ணுக்குத் தாடையில் பந்து பட்டு நாலு தையல். மைதானத்துக்குச் சொந்தக்காரர் பக்தவச்சலம் ஆடிப்போய்விட்டார். பாலிசி எடுக்காவிட்டால் கேட்டைப் பூட்டிவிடுவேன் என்று கறாராகச் சொல்லி, கெடுவும் வைத்துவிட்டார்.

கைக்கு வந்தவை இரண்டு பாலிசிகள். ஒன்று மலிவு. மேட்ச் நடக்கும் நாளில் அடிபட்டால் மட்டும்தான் செல்லும். மற்றது பயிற்சி, மேட்ச், வேனில் போய்வருவது எல்லாவற்றுக்கும் சேர்த்து.

பெற்றோர் சார்பில் இதையெல்லாம் பார்த்துக்கொள்பவள் கோகிலவாணி. பிள்ளைகளுக்கு அடிபடுவதெல்லாம் பயிற்சியில்தான் என்று இரண்டாவதையே பிடித்துக்கொண்டாள். பக்தவச்சலம் கேட்டதும் அதைத்தான். ஆனால் அதற்குக் குறைந்தது இருபது பேர் வேண்டும். இருந்ததோ பத்தொன்பது.

யாராவது ஒருத்தி பெயரைச் சும்மா எழுதி ஒப்பேற்றலாம் என்றார் ஒரு அப்பா. ஐசக் மசியவில்லை. ஒரு மாதமாவது மைதானத்துக்கு வந்தவர்கள் பெயர்தான் பட்டியலில் ஏறும் என்றுவிட்டார்.

அதற்குப் பிறகு சேர்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி கோகிலவாணியின் அக்கா மகள் தேவதர்ஷினி. கூடுவாஞ்சேரியிலிருந்து விடியற்காலை ரயிலைப் பிடித்து வருகிறாள். அடித்தால் பந்து மதிலைத் தாண்டும்.

இன்னொருத்திதான் இந்தச் சின்மயி, சுஜியின் வகுப்புக்காரி. பந்து வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். மட்டையைக் கொடுத்தால் துடைப்பம் மாதிரி பிடிப்பாள். முழங்காலெல்லாம் சிராய்ப்பு. ஆனாலும் ஒருநாள் தவறாமல் காலை ஐந்தரைக்கு வந்து நிற்பாள்.

கோகிலவாணிக்கு அதற்கு ஒரே காரணம்தான் தெரிந்தது. சர்டிபிகேட். நாலு மேட்ச் ஓரமாக உட்கார்ந்துவிட்டு, வீராங்கனை என்று தாள் வாங்கிக்கொண்டு, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட்டுக்குப் போய் நிற்பது. இப்படி எத்தனை பேரைப் பார்த்தாயிற்று. நிஜமாக வெயிலில் காய்கிற பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

"இப்ப இருபத்தோரு பேர் சார். அவளை எடுத்தாலும் இருபது நிக்குது. கோட்டாவுக்காக வர்றவங்களுக்கு நாம ஏன் பாலிசி எடுக்கணும்?"

அவளுக்கு விளையாட வரவில்லை என்பது உண்மைதான், ஆனால் தினமும் வருகிற பிள்ளையைப் போ என்று சொல்லத் தனக்கு வாய் வராது, வேண்டுமானால் நீங்களே சொல்லிவிடுங்கள் மேடம் என்றார் ஐசக்.

சொன்னால் போச்சு என்று எழுந்தாள் கோகிலவாணி.

பயிற்சி முடிந்து மற்ற பெண்கள் அரட்டையில் இருந்தார்கள். சின்மயி மட்டும் குழாயடியில் நின்று, வீங்கிய விரலைத் தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் கோகிலவாணிக்கு மனசு இளகத்தான் செய்தது. அதற்காக நியாயத்தை விட முடியுமா? அழுதால் என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டே பக்கத்தில் போனாள்.

"இன்ஷூரன்ஸ் லிஸ்ட்ல உன் பேரை எடுத்துடலாம்னு இருக்கோம்மா. டீம்லேர்ந்தும்தான். தப்பா நினைச்சுக்காதே."

சின்மயியின் முகம் வெளுத்துவிட்டது. கோகிலவாணி எதிர்பார்த்ததுதான்.

"வேணாம் ஆன்ட்டி. அப்புறம் பத்தொன்பதுதானே ஆகும்?"

கோகிலவாணிக்கு ஒன்றும் புரியவில்லை.

"இல்லம்மா. தேவதர்ஷினியையும் சேர்த்து இருபது வருது."

"அவங்க வேற ஊராச்சே, அவங்களும் கணக்குல உண்டா? நல்லா எண்ணிட்டீங்களா?"

"எண்ணிட்டேன். ஏன் கேக்கற?"

சின்மயி பெருமூச்சு விட்டாள். முகமெல்லாம் சிரிப்பானது.

"எனக்குப் பந்துன்னாலே பயம் ஆன்ட்டி. ஒரு பேர் குறையுது, கிரவுண்டைப் பூட்டிடுவாங்கன்னு சுஜி கிளாஸ்ல அழுதா. அதான் வந்தேன். நாளைலேர்ந்து நான் தூங்கலாம்ல?"