எடைக்குப் போட்ட செடிகள்

"எடை போடாதீங்க!" என்று கத்திக்கொண்டே பழைய பேப்பர் கடைக்குள் பாய்ந்த மதிவதனி, தராசுத் தட்டில் இருந்த செய்தித்தாள் கட்டை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, அது நான் வாங்கின சரக்கு!" கடைக்காரர் பதறினார்.

மேலே இருந்த தாளை அவள் புரட்டினாள். அதன் மடிப்புக்குள், குவாரி வரவிருந்த மலைக்குச் சுற்றுச்சூழல் ஆய்வுக்குப் போனபோது அவள் வேரோடு எடுத்து, அழுத்திக் காயவைத்த செடி. ஊதாப் பூ இன்னும் நிறம் விடவில்லை.

பின்னாலேயே பைக்கில் வந்து இறங்கினார் அவளுடைய ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் சடகோபன். "நான்தாம்மா போடச் சொன்னேன். பீரோவ அடைச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. உள்ள தழை இருக்குன்னு யாரு கண்டா?"

"ஒவ்வொண்ணுலயும் சீட்டு ஒட்டியிருக்கே சார், கண்ணு அவிஞ்சா போச்சு?"

"ஆய்வு முடிஞ்சு, குவாரிக்கு அனுமதியும் குடுத்தாச்சு. காஞ்ச தழைக்கு இவ்வளவு கூப்பாடா? வேணும்னா அந்த மலைக்கே போய் இன்னொண்ணு பறிச்சுக்க."

"இது வேற எங்கயும் முளைக்கல சார். அங்க மட்டும்தான்."

"அப்ப அங்கயே போ!"

மதிவதனி விறுவிறுவென்று வாசலுக்கு வந்தாள். புதுச் சாலைக்காகக் குவாரியிலிருந்து கொண்டுவந்து கொட்டியிருந்த கருங்கல் ஜல்லியில் ஒரு கை அள்ளி, அவர் சட்டைப் பையில் திணித்தாள்.

"இந்தாங்க சார், அந்த மலை."