கை நடுங்காதவள்

"உங்க தங்கை கை பட்டு எது துலங்கியிருக்கு? ஒரு ரோல் ஃபிலிம், ஒரு தலைகூட விழலை."

வைதேகி இதை முதலில் சமையலறையில் சொன்னாள். அப்புறம் கூடத்தில். இப்போது நாத்தனார் ஜானு இருந்த அறை வாசலில் நின்றுகொண்டு, கணவர் சுப்பராமனிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

சுப்பராமன் பேப்பரைத் திருப்பினார். ஏற்கெனவே படித்த பக்கம்தான்.

போன வாரம் மருமகள் ஹம்சாவுக்குச் சீமந்தம். செல்போனில் ஆளாளுக்கு எடுத்துத் தள்ளினார்கள். ஆனால் கூடத்துச் சுவரில் மாட்டப்போகும் குடும்பப் படம் ஃபிலிமில்தான் இருக்கவேண்டும் என்று ஹம்சா சொல்லிவிட்டாள். பழைய கேமராக்களின்மேல் அவளுக்கு ஒரு பைத்தியம். வைதேகிக்கும் அது பிடித்துப்போய், எவ்வளவு பெரிதாகப் போடப்போகிறோம் என்பதுவரை சம்பந்தி வீட்டில் பெருமை அடித்தாகிவிட்டது.

இன்று காலை மகன் சுஹாஸ் தி.நகரில் கழுவக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தான். ஆரம்பம் முதல் கடைசிவரை வெறும் சுருள்.

எடுத்தவள் ஜானு. அந்த வீட்டில் எந்த விசேஷமானாலும், குரூப் போட்டோ என்றதும் கேமரா ஜானுவிடம் போய்விடும். "உனக்குத்தான்டி கை நடுங்காது" என்று வைதேகியே கொண்டுபோய்க் கொடுப்பாள். சுஹாஸின் பூணூல், இந்த ஃப்ளாட்டின் கிரகப்பிரவேசம், சுஹாஸ் கல்யாணம், எல்லாம் ஜானு எடுத்ததுதான். எடுக்கிறவள் எப்படிப் படத்தில் நிற்பாள்? இந்த ஏற்பாடு அவள் புருஷன் போனதிலிருந்துதான் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. படித்த குடும்பம்.

ஹம்சா பிரசவத்துக்கு அடையாற்றில் பிறந்த வீட்டுக்குக் கிளம்பவேண்டிய நாள் இது. அவள் அப்பா அனுப்பிய கார் கீழே ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. ராகுகாலத்துக்கு முன்னால் படி இறங்கியாக வேண்டும். சுஹாஸ் பெட்டியைத் தூக்கினான், வைத்தான், மறுபடி தூக்கினான். ஹம்சா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கூடத்துக்கும் பால்கனிக்கும் நடையாக நடந்தாள்.

ஜானு தோள்பையோடு வெளியே வந்தாள்.

"நான் முன்னாடி கிளம்பிடறேன் மன்னி. மாம்பலம் பஸ் இப்ப கிடைச்சுடும். ஹம்சா படி இறங்கறச்சே நான் எதிர்ல இருக்க வேண்டாம்."

இரு என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

"குழந்தை பொறந்தப்புறம் புண்ணியாகவாசனத்துக்கு நான் வரலைன்னாலும் கோச்சுக்காதேங்கோ" என்றாள் ஜானு, செருப்பைத் தேடிக்கொண்டே.

தான் அவளை ஒன்றும் சொல்லவில்லையே என்றாள் வைதேகி. தலைப்பிரசவம், இந்த நேரத்தில் எல்லாமே காலியாக வந்தால் மனசு அடித்துக்கொள்ளாதா, அவ்வளவுதான் என்றாள்.

ஹம்சா நடையை நிறுத்தினாள். மாமியாரை அவள் அம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

"ஃபிலிமை மாட்டினது நான்மா."

"யார் மாட்டினா என்ன? அமுக்கினது அவதானே?"

ஹம்சா மேஜைமேல் இருந்த கேமராவை எடுத்து முதுகைத் திறந்தாள். கைப்பையிலிருந்து ஒரு புது ஃபிலிமை எடுத்து உள்ளே வைத்தாள். அதன் நுனியில் நாக்குபோல் ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருந்தது.

"இந்த நாக்கை அந்தப் பக்கத்து உருளையில செருகினாத்தான் ஃபிலிம் நகரும். செருகாம மூடிட்டா, சத்தம் மட்டும் வரும். படம் விழாது."

"செருக மறந்துட்டியா?" என்றான் சுஹாஸ்.

"மறக்கலை. வேணும்னேதான் விட்டேன்."

சுப்பராமன் பேப்பரைக் கீழே வைத்தார்.

சீமந்தத்தன்று காலையிலேயே, ஜானு அத்தையும் நிற்கட்டும், பக்கத்து ஃப்ளாட்டில் யாரையாவது எடுக்கச் சொல்லலாம் என்று ஹம்சா மாமியாரிடம் கேட்டிருந்தாள். அத்தைக்குத்தான் கை நடுங்காது என்று பதில் வந்தது. அத்தை இல்லாத படம் எதற்குக் குடும்பப் படம்? காலியாக வந்தால் மறுபடி எல்லாரும் நிற்பார்கள், அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

"பழி அத்தை கை மேல விழும்னு எனக்குத் தோணவே இல்லைம்மா."

வைதேகிக்கு யார்மேலாவது பாய்ந்தாக வேண்டியிருந்தது. ஜானுவிடம் திரும்பினாள்.

"இத்தனை வருஷமா எடுக்கறியே, ஃபிலிம் நகரலைன்னு உனக்குமா தெரியலை?"

ஜானு ஒரு செருப்பை மட்டும் போட்டுக்கொண்டு நின்றாள்.

"தெரிஞ்சுது மன்னி. சுத்தறச்சே பிடிப்பே இல்லை. மேல இருக்கற திருகும் கூடச் சுத்தலை."

"அப்பவே வாயைத் திறக்கறதுக்கு என்ன?"

"மாட்டினது அவ. எல்லார் முன்னாடியும் நீங்க அவளைத் திட்டுவேள். வளையலடுக்கிண்டு உட்கார்ந்திருந்தா." கொஞ்சம் நிறுத்தினாள். "அதான், கடைசி வரைக்கும் அமுக்கிண்டே இருந்துட்டேன்."

கீழே ஹார்ன் விடாமல் அடித்தது. சுஹாஸ் பெட்டியைத் தூக்கவில்லை.

ஹம்சா ஃபிலிமின் நாக்கை உருளைக்குள் செருகினாள். மூடினாள். இரண்டு தரம் சுற்றினாள். மேலே இருந்த திருகு கூடவே சுற்றியது. பிறகு ஜானுவின் தோள்பையை வாங்கி நாற்காலியில் போட்டுவிட்டு, அவளை ஒட்டி நின்றுகொண்டு, கேமராவை மாமியாரிடம் நீட்டினாள்.

"இந்தத் தடவை நீங்க எடுங்கோம்மா."