போடாத ஓட்டு

"ஆலங்கட்டி நஷ்டஈட்டு மசோதா ஒரே ஒரு ஓட்டுல தோத்துச்சு. அந்த ஓட்டு இதோ உட்கார்ந்திருக்கு!"

டங்கன் நீட்டிய விரலுக்கு எதிரே எங்கள் சட்டசபை உறுப்பினர் ஹால்வர், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் விவசாயிகள் ஆட்சி வந்து இரண்டாவது குளிர்காலம் அது. தலைநகர் எட்மண்டனுக்கு நாங்கள் வக்கீலை அனுப்பவில்லை. எங்களோடு கோதுமை அறுத்தவரை அனுப்பினோம். சரியில்லை என்று ஊர்ச் சங்கம் கூடிக் கை தூக்கினால் போதும், பதவியை விட்டுவிட வேண்டும். அப்படிச் சொல்லித்தான் அனுப்பினோம். வேறு எந்தக் கட்சிக்கு இருக்கிறது அந்தத் தைரியம்!

சங்கத் தலைவன் என்பதால் நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

"அன்னைக்கு சபைக்குப் போகலையா, ஹால்வர்?"

"போனேன்."

"தூங்கிட்டீங்களா?"

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"எதிர்க்கட்சிக்காரர் ஒருத்தர் அவசரமா ஊருக்குப் போக வேண்டியிருந்தது. 'நீங்க வர்ற வரைக்கும் நானும் ஓட்டுப் போடலை, ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போகும்'னு வாக்குக் கொடுத்தேன். சபையில அது வழக்கம்தான்."

"அந்தாளு இல்லாத நேரமாப் பார்த்து எழுந்து போட்டிருக்க வேண்டியதுதானே! சரிசமமா ஆகியிருக்கும். சமமானா சபாநாயகர் ஓட்டுதான் முடிவு, அவரு நம்ம ஆளுய்யா!" டங்கன் குதித்தான். "ஆலங்கட்டியில என் கோதுமை மொத்தமும் போச்சே, தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். கொடுத்த வாக்கை எப்படி மீறுறது?"

"யாரு அந்த ஆளு? பேரைச் சொல்லுங்க."

"அது வேணாம், டங்கன்."

"எதுக்குப் போனாரு? அதையாவது சொல்லுங்க."

"சொந்த வேலைக்குப் போகலை. அவ்வளவுதான் சொல்வேன்."

"பார்த்தீங்களா, எதிர்க்கட்சிக்கு வக்காலத்து வாங்குறாரு! இவரைத் திரும்பக் கூப்பிடணும்கிறவங்க கையைத் தூக்குங்க!"

முதலில் எழுந்தது அவன் கைதான். பிறகு ஒவ்வொன்றாக எழுந்தன. பாதிக்கு மேல் இருக்கும். நான் எண்ணத் தொடங்கினேன்.

பின்பெஞ்சில் கைக்குழந்தையோடு இருந்த டங்கனின் மனைவி எல்சி எழுந்தாள்.

"ஓட்டெடுப்பு என்னைக்கு நடந்துச்சு, ஹால்வர்?"

அவர் தயங்கினார். "அந்தப் பெரிய பனிப்புயல் அடிச்ச அன்னைக்கு."

"எனக்கு வலி எடுத்த அன்னைக்கு." எல்சி புருஷன் பக்கம் திரும்பினாள். "பிள்ளை குறுக்கே கிடக்குதுன்னு அழுதுக்கிட்டே பக்கத்துத் தொகுதி டாக்டர் பிரிங்கிளுக்குத் தந்தி அடிச்சீங்களே, அவரு அப்போ எங்கே இருந்தாரு? எட்மண்டன்ல, சபையில, எதிர்க்கட்சி வரிசையிலதானே? அதை விட்டுட்டு அவரு எப்படிக் கிளம்பி வந்தாருன்னு ஒரு தடவையாவது யோசிச்சீங்களா?"

டங்கன் ஹால்வரைப் பார்த்தான். அவர் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அனுப்பிய ஆள் இவர் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

டங்கன் குழந்தையைப் பார்த்தான். பிறகு கூட்டத்தின் மேல் எரிந்து விழுந்தான்:

"எவன்யா இன்னும் கையைத் தூக்கி வச்சிருக்கிறது? இறக்குங்கய்யா! அவரு நம்ம ஆளு!"