துக்க வீட்டு ஸ்பீக்கர்

கருமாதிகூட முடியவில்லை, அதற்குள் சுகுமாறன் வீட்டில் சினிமாப் பாட்டு.

செல்வராணிக்குப் பொறுக்கவில்லை. தம்போய் வட்டாரத்தில் அவள் வீட்டோடு ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட பக்கத்து வீடு அது. அப்பா ஐயாசாமியைச் சுடுகாட்டுக்கு அனுப்பிய கையோடு, சுகுமாறன் கம்ப்யூட்டருக்குப் புது ஸ்பீக்கர் வாங்கி வந்துவிட்டான். உயரமாக இரண்டு பெட்டி, தரையில் வைக்க பாஸ் பெட்டி ஒன்று. இருட்டியதும் அது அலறத் தொடங்கினால் இவள் வீட்டு அடுப்படித் தட்டெல்லாம் அதிரும்.

அதுவும் அவள் மகன் ஜீவன் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தவும் பாட்டு ஆரம்பிக்கவும் சரியாக இருக்கும். தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய் உழைத்துக் களைத்து வருகிற பிள்ளை நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட வேண்டாமா?

ஜீவன் அம்மா கையால் பரிமாறினால்தான் சாப்பிடுவான் என்று தெருவுக்கே சொல்லி வைத்திருந்தாள். அதனால்தான் துக்க வீட்டில்கூட அவள் இருட்டும்வரை உட்காருவதில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

சுகுமாறனின் கூத்தைப் பற்றிக் கோயில் பெண்களிடம் முதலில் வாயைத் திறந்ததும் அவள்தான். ஊர் வாய் சும்மா இருக்குமா? துக்கம் கேட்க வந்தவர்களே முகம் சுளித்துக்கொண்டு திரும்பினார்கள்.

அன்றைக்குச் சிங்கப்பூர்ப் பாலத்தில் ஜாம், வர நேரமாகும் என்று ஜீவன் மெசேஜ் அனுப்பியிருந்தான். நல்லதாகப் போயிற்று என்று செல்வராணி பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினாள். பூஜை முடிந்ததும் நேராக அங்கே வந்துவிடும்படி கோயில் பெண்களுக்கும் சொல்லி வைத்தாள். நாலு பேராகக் கேட்டால்தானே உறைக்கும்.

ஹாலில் பெரியவர் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுகுமாறனின் மனைவி பிரவீனா நாற்காலியை இழுத்துப் போட்டாள். கம்ப்யூட்டர் ஒரு மூலையில் இருந்தது. ஸ்பீக்கர்களோ எதிர்ப்பக்கம், செல்வராணி வீட்டை ஒட்டிய சுவரோரம், துக்கத்துக்கு வருகிறவர்களின் நாற்காலிகளைப் பார்த்தபடி நின்றன. வயர் ஹாலின் குறுக்கே ஓடியது.

சுகுமாறன் கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்தும் கடையில் வேலை செய்கிறவன். ஜீவனின் கம்ப்யூட்டருக்கும் அவன்தான் போட்டுக் கொடுத்தான். இடதும் வலதும் காது உயரத்தில், கேட்கிறவனைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்று அன்றைக்கு ஒரு பெரிய பாடமே நடத்தினான்.

"பாட்டு கேக்கறது நீங்க. ஸ்பீக்கரை ஏன் தம்பி துக்கத்துக்கு வர்றவங்க மூஞ்சிக்கு நேரா வெச்சிருக்கீங்க?"

"அங்கதான்க்கா பிளக் பாயின்ட் இருக்கு," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் விடவில்லை. பெற்றவர் மேல் இல்லாத பாசத்தைப் பற்றியும், போன ஆத்மா படும் பாட்டைப் பற்றியும் மூச்சு வாங்காமல் பேசினாள்.

"கருமாதி முடியட்டும்க்கா. ஆளுங்க வர்றது நின்னதும் எடுத்துடறோம்," என்றாள் பிரவீனா கடைசியில்.

முடிகிறவரைக்கும்தானே போடக் கூடாது? இவள் என்ன தலைகீழாகப் பேசுகிறாள் என்று செல்வராணிக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது.

அப்போது வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம். ஜீவன் நினைத்ததைவிடச் சீக்கிரமே வந்துவிட்டான்.

"என் மகன் வந்துட்டான். பெத்தவங்களை எப்படி வெச்சுக்கணும்னு அவனைப் பாத்துக் கத்துக்குங்க," என்று எழுந்தாள்.

சுகுமாறன் ஓடிப்போய் மவுஸைத் தட்டினான். குத்துப்பாட்டு ஹாலையே தூக்கியது.

செல்வராணிக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே, அதுவும் பெரியவர் படத்துக்கு முன்னால். விறுவிறுவென்று சுவரோரம் போய்க் குனிந்தாள்.

"அக்கா, வேணாம்," என்று பிரவீனா கையை நீட்டுவதற்குள் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

பாட்டு நின்றது.

"எங்கடி போய்த் தொலைஞ்ச கெழவி?"

ஜீவனின் குரல். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.

"சோறு போட ஆளில்ல, ஊர் மேயப் போயிட்டியா? வா இன்னிக்கு. நேத்து வாங்கினது பத்தல போல."

தட்டு ஒன்று சுவரில் மோதி விழுந்தது.

இத்தனை காலமும் அந்தச் சுவர் எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்கிறது என்றுதான் செல்வராணி நம்பியிருந்தாள். இருவரையும் நிமிர்ந்து பார்த்தாள். அவர்கள் திடுக்கிடவே இல்லை. கேட்டுப் பழகிய முகத்தோடு நின்றார்கள்.

"துக்கத்துக்கு வர்றவங்க எல்லாரும் இந்த ஹால்லதான்க்கா உக்காருவாங்க," என்றான் சுகுமாறன் மெதுவாக.

கேட் திறந்தது. கோயில் பெண்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். அந்தப் பக்கம் ஜீவன் மறுபடி குரலை உயர்த்தினான்.

செல்வராணியே பிளக்கைச் சொருகினாள். பாட்டு அலறியது. உள்ளே நுழைந்தவர்கள் வாயில் கை வைத்தார்கள்.

"அப்பா படத்துக்கு முன்னால என்ன கூத்து இது சுகுமாறன்? நீயெல்லாம் ஒரு மகனா?" என்று கேட்டாள் முன்னால் வந்த புஷ்பவள்ளி.

சுகுமாறன் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

செல்வராணி அவனை மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"அவரை ஏசாதீங்க. பாட்டு போடச் சொன்னது நான்தான்."